மூன்றாவது பலகை

தம்பி,

நீ போனை எடுக்காவிட்டால் நான் பேசாமல் இருந்துவிடுவேன் என்று நினைத்தாயா? செவ்வாய்க்கிழமை எடுத்தாய். "பலகை" என்று வாயைத் திறந்ததும் கடல் இரைச்சலில் கேட்கவில்லை என்றாய். நிலாவெளிக் கடல் இந்தக் கச்சான் காற்றுக் காலத்தில் அலையில்லாமல் கிடக்கிற கிடை எனக்குத் தெரியாதா? குழந்தைகள் குளிக்கிற கடல் அது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தை இடையில் வெட்ட ஏலாது. ஞாயிற்றுக்கிழமை காலை நீயும் உன் மனைவி யாழினியும் இன்னும் சில பிள்ளைகளும் உவர்மலையிலிருந்து துறைமுகப் பக்கம் சில்லு பூட்டிய ஸ்கேட்போர்ட் பலகைகளில் இறங்கப்போவதாக ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறாய். நோட்டீஸ் படத்தில் முன்னால் வருகிறவள் யாழினி. அவள் காலுக்குக் கீழே இருக்கிற பலகையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதில் அவள் ஏறக் கூடாது. மற்றதை எல்லாம் வாசிக்காமல் விட்டாலும் இந்த ஒன்றை வாசி.

உனக்கு உடனே என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். அம்மா தொடங்கிவிட்டா என்பாய். நீ கலியாணம் முடித்து நிலாவெளிக்கு, பெண் வீட்டுக்குப் போனது எனக்குப் பொறுக்கவில்லை, அந்த எரிச்சலில் கதைக்கிறேன் என்பாய். நீ பெண் வீட்டுக்குப் போனதில் எனக்கு என்ன எரிச்சல்? எங்கள் பக்கத்து வழக்கம் அது. உன் அப்பாவும் அப்படித்தான் இந்த லிங்கநகர் வீட்டுக்கு வந்தவர், வந்த கிழமையே குசினிக்குள் புகுந்து என் அம்மாவுக்கு மீன் வெட்டிக் கொடுத்தவர். எனக்குக் கோபம் வந்தது பலகை செய்கிற கொட்டிலில் இருந்ததையும் நீ சேர்த்து ஏற்றிக்கொண்டு போனபோதுதான். அச்சு, கிளாம்ப், வார்னிஷ் டின், சுவரில் இருந்த பிள்ளையார் படம் எல்லாம் லொறியில் போனது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னை ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்கு நான் கதைத்த கதைகள் கூடித்தான் போய்விட்டன, அதை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கோபக்காரி வாயிலிருந்து வருவதெல்லாம் கோபம்தான் என்று எடுத்துவிடாதே.

அந்தக் கொட்டிலில் நானும் ஓர் ஆள். உப்புவெளிக் கரையில் ஒரு வெள்ளைக்காரப் பொடியன் முறிந்த ஸ்கேட்போர்ட் ஒன்றை எறிந்துவிட்டுப் போனதும், நீ அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் தையல் மேசையில் வைத்துக் கத்தியால் தட்டுத் தட்டாகப் பிரித்ததும் உனக்கு நினைவிருக்கும். நல்ல துணி ஒன்றைப் பழுதாக்கினாய், அதற்கும் திட்டினேன். மெல்லிய மரத்தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பசை பூசி அடுக்கி, அச்சுக்குள் வைத்துக் கிளாம்ப்களால் நெரித்து, பசை காய்ந்து பிடிக்கும்வரை அசையவிடாமல் வைத்தால் இரும்பு மாதிரி ஒரு பலகை வரும் என்று கண்டுபிடிக்க உனக்கு ஒரு வருசம் பிடித்தது. முதலில் வந்ததெல்லாம் பொரித்த பப்படம். பிறகு கிண்ணியாவிலிருந்து நிசாம் வந்து உன்னோடு சேர்ந்தான், வெட்டுவதும் சீவுவதும் அவன் பொறுப்பு ஆனது. பசை பூசுவது என் வேலை. தோசை மாவை இழுக்கிற கைதான், ஒரு இடத்தில் தடிப்பும் ஒரு இடத்தில் மெல்லிசும் இல்லாமல் இழுக்கும். "அம்மா பூசினால்தான் பிடிக்கும்" என்று நீயே வாங்க வருகிறவர்களிடம் சொல்லுவாய். எனக்கு எவ்வளவு பெருமை என்று நான் உனக்குக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டியிருக்கலாம்.

இனி ஆயுத பூசைக்கு வருகிறேன். மழை தொடங்கிவிட்டது. கொட்டிலுக்குள் சுவரில் கை வைத்தால் கை நனைந்தது. முதல்நாள் பின்னேரம் மூன்று பலகைகளுக்குப் பசை பூசி அச்சுக்குள் வைத்து நெரித்திருந்தோம். விடிந்ததும் நான் மரம் அறுக்கிற வாளைக் கழுவினேன், சீவுளியைக் கழுவினேன், சுத்தியலுக்குக் கூடச் சந்தனம் வைத்தேன். நீ அச்சுக்குப் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தாய். "அம்மா, கிளாம்ப் எல்லாம் வேலையில நிக்குது. அதை என்ன செய்யிறது?" என்று கேட்டாய். நான் அடுப்பில் கடலையை வைத்துவிட்டு நிற்கிறேன். கிளாம்பும் ஆயுதம்தானே, மற்றதெல்லாம் பூசையில் இருக்க அது மட்டும் குளிக்காமல் நிற்பதா, கழற்று என்றேன். நீயும் கழற்றினாய். ஒரு இரவு நின்றுவிட்டது, பிடித்திருக்கும் என்று இரண்டு பேருமே நினைத்தோம். மழைக்குள் பசை காய்வது பிந்தும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். தெரிந்திருந்தும் நினைத்தோம். கிளாம்ப்கள் பொட்டு வைத்துக்கொண்டு வாழையிலைக்கு முன்னால் வடிவாக அடுக்கியிருந்தன. அன்றைக்கு ஆயுதத்தைத் தொடக் கூடாதென்று அடுத்தநாள்தான் மறுபடி எடுத்து நெரித்தாய். இது யாருடைய பிழை என்று வழக்குப் பேச நான் வரவில்லை. இரண்டு பேருடையதும்.

அந்த மூன்றும் வெளியே வந்தபோது எவ்வளவு வடிவு! பூசையில் இருந்த பலகைகள் என்று அடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்து அதன் மேல் வார்னிஷ் அடித்தாய். பூசைப் பலகையைக் கடைக்குக் கொடுப்பதில்லை, எங்கள் ஆட்களுக்குத்தான் என்றாய். நானும் தலையாட்டினேன். ஒன்றை நிசாமின் மகளுக்குக் கொடுத்தாய், பிள்ளை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனது. ஒன்றை வீட்டுக்கென்று கொட்டில் சுவரில் மாட்டினாய். மூன்றாவதை, பலகை வாங்கவென்று அடிக்கடி வந்து ஒன்றும் வாங்காமல் போய்க்கொண்டிருந்த யாழினிக்குக் கொடுத்தாய். இந்த ஊரில் நாங்கள்தான் இப்படிச் செய்வோம், தம்பி. செய்ததிலேயே பலமில்லாத மூன்றையும் பொறுக்கி எடுத்து, ஆசையான மூன்று இடத்துக்குக் கொடுத்துவிட்டு, சாமி காக்கும் என்று இருந்துவிட்டோம்.

நீ யாழினிக்கு அதைக் கொடுக்கும்போது நான் வாசலில் நின்றேன். அவள் அதைத் தடவிப் பார்த்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வடிவாத்தான் இருக்குது. எவ்வளவு நாளைக்கு நிக்குமெண்டு பாப்பம்" என்றேன். அவள் முகம் சுருங்கிப் போனது. பலகையைப் பற்றியா, உங்கள் இரண்டு பேரையும் பற்றியா நான் சொன்னேன் என்று கேட்டால், உங்களைப் பற்றித்தான். பொறாமைதான், வேறென்ன? அந்தச் சொல்தான் இப்போது என் கழுத்தைப் பிடிக்கிறது. நான் எதைச் சொன்னாலும் நீ அந்தச் சொல்லுக்குப் போகிறாய். "உங்கட கரிநாக்கால சொல்லாதேங்கோ அம்மா" என்கிறாய்.

கரிநாக்கு என்று இந்த வீட்டில் எனக்குப் பட்டம் வைத்தது உன் அப்பா. சல்லி அம்மன் பொங்கலுக்குப் போகிற வழியில் இந்த ஓட்டோவின் சில்லு கழலும் என்றேன், சாம்பல்தீவுப் பாலம் தாண்டமுன் கழன்றது. அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தாலே நீங்கள் இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள். நான் சொன்னதால் அது கழலவில்லை, ராசா. சில்லில் ஒரு நட்டு இல்லாததை ஏறும்போதே கண்டேன், அதனால் சொன்னேன். ஓட்டோக்காரன் எங்களுக்குத் தெரிந்தவன் என்பதற்காக நீங்கள் ஏறினீர்கள். அவமானத்துக்குப் பயந்து நானும் ஏறினேன்.

நீ போன பிறகு கொட்டிலில் அந்த வீட்டுப் பலகை மட்டும் மாட்டின ஆணியிலேயே இருந்தது. மரத்தைக் காய வைக்கிற அந்த வறட்டுக் கச்சான் வீசத் தொடங்கி ஒரு கிழமை இருக்கும். மத்தியானத்தில் வீட்டுக்குள் படுத்திருந்தால் கொட்டில் பக்கம் ஒரு சத்தம். டிக். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி, டிக். பல்லி சொல்லுது என்று நினைத்தேன். எந்தப் பக்கத்தில் சொல்லுது, நல்லதா கெட்டதா என்று படுத்தபடி யோசித்தேன். உனக்குத்தான் ஏதோ வரப்போகிறது என்று கோயிலுக்கு நேர்த்தி வைத்தேன். எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றவில்லை, பார்த்தாயா? ஒரு நாள் தற்செயலாகக் கொட்டிலுக்குள் நிற்கும்போது அது என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. பல்லி எங்கும் இல்லை. பலகையில் கை வைத்தேன். கைக்குள்ளே ஒருதரம் டிக் என்றது.

அதை இறக்கி இரண்டு கல்லின் மேல் வைத்து ஏறி நின்றேன். ஓம், இந்த வயதில்தான், இந்த முழங்காலோடுதான். என் பாரம் உனக்குத் தெரியும், யாழினியிலும் பார்க்கக் கொஞ்சம்தான் கூட. நின்றேன், ஒன்றும் ஆகவில்லை. நல்லதாகப் போயிற்று, நான்தான் வீணாகப் பயந்தேன் என்று குதிகாலை ஒருமுறை அழுத்தினேன். அது முறியவில்லை, தம்பி. புத்தகம் மாதிரி விரிந்தது. மேல் தகடுகள் ஒரு பக்கம், கீழ்த் தகடுகள் ஒரு பக்கம், நான் நிலத்தில். மணிக்கட்டு வீங்கிப்போய் இருக்கிறது, எழுத்துக் கோணலாக இருப்பது அதனால்தான். கீழே கிடந்தபடியே பிளந்த இடத்தைப் பார்த்தேன். என் பசை நத்தை போன தடம் மாதிரி மினுங்கிக்கொண்டு தனியாக இருந்தது. மரத்தில் ஒரு நார் கூட அதில் ஒட்டியிருக்கவில்லை. பிடிக்கத் தொடங்கும்போது நாங்கள் கிளாம்பின் வாயைத் திறந்துவிட்டோம், பிறகு எவ்வளவு நெரித்தும் அது பிடிக்கவில்லை. ஓரங்களில் மட்டும் வார்னிஷ் பிடித்துக்கொண்டு இவ்வளவு மாதமும் நின்றிருக்கிறது.

நிசாமைக் கூப்பிட்டேன். அடுத்தநாள் மகளின் பலகையையும் எடுத்துக்கொண்டு வந்தான். பிள்ளை பின்னாலிருந்து அழுதுகொண்டே வந்தது. அவன் அதை முழங்காலில் வைத்து இரண்டு கையாலும் வளைத்தான். ஓரத்தில் தலைமயிர் அளவுக்கு ஒரு கோடு திறந்தது, கையை எடுத்ததும் மூடிக்கொண்டது. அவ்வளவுதான். அவன் வாளை எடுத்து அதைக் குறுக்கே அறுத்தான். மகள் அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றது. அதன் பிறகுதான் அவன் உன்னிடம் வந்தான். வந்து என்ன கண்டான், நீ என்ன சொன்னாய் என்பதெல்லாம் எனக்கு வந்துவிட்டது.

அதைச் சொல்லுமுன் இன்னொன்று கேள். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உட்துறைமுகப் பக்கம் இறங்க வேண்டாம் என்று சொல்லியும் இறங்கித் திருக்கை மீனின் முள்ளில் காலை வைத்தாய். வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. சப்பாத்துப் போடாத பிள்ளை அந்தக் கிழமை முழுக்கக் காலுறை போட்டுக்கொண்டு திரிந்தாய், குளிர் என்றாய். சித்திரை வெயிலில் குளிர்! அப்பா காலுறையை உருவியபோது கால் நீலம் பாரித்திருந்தது. ஆஸ்பத்திரியில் காலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னபோது நான் அந்தச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன். கடவுள் புண்ணியம், கால் தப்பியது. உன்னிடம் ஏனடா சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னால் நீங்கள் சொன்னது சரி எண்டாகிப் போகுமே என்றாய். அந்தப் பதிலுக்கு அப்பா சிரித்தார். எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரவில்லை.

இப்போது நிசாம் கண்டதற்கு வருகிறேன். நிலாவெளியில் உன் கடைக்குள் யாழினியின் பலகை சாத்தியிருந்ததாம். பின்சில்லுப் பக்கம் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வார்னிஷ் புதிதாக மினுங்கியதாம். அவன் விரலை வைத்துப் பார்த்திருக்கிறான், ஒட்டியதாம். காயவில்லை. "வாப்பா மாதிரி இருந்து சொல்லுறன், கழட்டி வை" என்று அவன் ஒரு தகப்பன் மாதிரிச் சொன்னதற்கு, அம்மா உங்களையும் பிடிச்சிட்டாவா என்று கேட்டிருக்கிறாய். அவன் திரும்பி வந்து என் வாசலில் குந்திக்கொண்டு, "அக்கா, அவனுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மேல பூசியிருக்கிறான்" என்றான்.

நீ கெட்டவன் இல்லை. அவளை நீ எப்படிப் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும், அந்தப் பார்வையைப் பார்த்துத்தான் எனக்குப் பொறாமையே வந்தது. உன் பயமும் எனக்கு விளங்குகிறது. பூசையில் வைத்த பலகை, வாயால் சொல்ல வெட்கப்பட்டுக் கையால் கொடுத்த பலகை, அது பிளந்தால் கலியாணம் பிளக்கும் என்று உனக்குப் பயம். போதாததற்கு அம்மாவின் சொல் வேறு அதில் கிடக்கிறது. அதனால் வெடிப்பைக் கண்டதும் மூடினாய். மூடிவிட்டால் இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தாய். கலியாணம் அப்படி உடைவதில்லை, ராசா. நானும் உன் அப்பாவும் எத்தனை சாமானை எறிந்து உடைத்திருப்போம், அலுமாரிக் கண்ணாடிகூட ஒருதரம் போனது. மனைவிக்குத் தெரியவேண்டியதை அவளுக்குத் தெரியாமல் வைத்திருக்காதே, அது ஒன்றுதான் உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி. உன் அப்பா தன் நெஞ்சு வலியைக் கண் மூடும்வரை எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தார். அவரும் என் நல்லதுக்கென்றுதான் வைத்திருந்தார்.

நேற்று அந்த வீதியில் நடந்து பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை, கைத்தடியோடு. நீ எப்போதாவது அதை நடந்து இறங்கியிருக்கிறாயா? பலகையில் வருகிறவனுக்கு அது வீதியாகத் தெரியாது. துறைமுகம் தெரிகிற வளைவில் ஒரு பக்கம் மதில், மற்றப் பக்கம் சரிவும் பாறையும். காலையில் ஊருக்குள் திரிகிற மான்கள் அந்த வளைவில்தான் தாரில் படுத்துக் கிடக்கின்றன. நான் போனபோதும் கிடந்தன, எழும்பாமல் என்னைப் பார்த்தன. அவள் இறக்கத்தில் கெதியாக உருண்டு வந்து, மான் ஒன்று எழும்பி, அவள் திடீரென்று பின்காலை அழுத்தினால்? நான் எந்த இடத்தில் குதிகாலை அழுத்தினேனோ அதே இடம்தான். என்னால் அதற்கு மேல் யோசிக்க ஏலவில்லை.

நீ இதை வாசித்தால் கிழித்து அடுப்பில் போடுவாய். அல்லது மடித்துக் காலுறைக்குள் வைப்பாய். ஆகவே நிசாமிடம் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து நேரே நிலாவெளிக்குப் போ, இதை அவன் கையில் கொடுக்காதே, அவள் கையில் கொடு என்று. ஆகவே இவ்வளவு நேரமும் இதை வாசித்தது நீ இல்லை, தம்பி.

பிள்ளை யாழினி, மாமிதான். உன்னோடு நான் இவ்வளவு கதைத்தது இதுதான் முதல் தடவை, அதுவும் உனக்கு எழுதாத கடிதத்தில். அன்றைக்கு வாசலில் நின்று சொன்ன சொல்லுக்கு என்னை மன்னி. அதைச் சொன்ன வாயாலேயே சொல்கிறேன், அந்தப் பலகை நிற்காது. சோதித்துப் பார்க்கிறேன் என்று அதில் ஏறாதே. அவன் ஒன்றும் ஆகாது என்பான், கண்ணைப் பார்த்துச் சொல்வான், அவனே அதை நம்பித்தான் சொல்வான். நிசாம் வாசலில் நிற்கிறான், மோட்டார் சைக்கிளில் வாள் கட்டியிருக்கிறது. நீ ஓம் என்று தலையசைத்தால் போதும், அங்கேயே அறுத்துவிடுவான். உன் புருசனைத் திட்டாதே. திட்டினாலும் விட்டுவிட்டுப் போகாதே.

நீயும் என்னை நம்பாவிட்டால் அதற்கும் எனக்கு வழி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் அந்த வளைவில், வீதிக்கு நடுவில் போட்டு அதில் குந்தியிருக்கப்போகிறேன். பொலிஸ் வந்தாலும் எழும்பமாட்டேன். மேலே நின்று பார்த்தாலே நான் இருப்பது தெரியும். என்னை இடிக்காமல் கீழே போக அந்த வீதியில் இடம் இல்லை.

அம்மா